மலை மேல் ஒரு விண்டோஸ் 11

பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். யூடியூபில் தட்டினால் டப்பாங்குத்து மியூசிக்கோடு பத்து நிமிஷ வீடியோ ஒன்று கிடைக்கும். கடைசியில் புது வால்பேப்பர் பளபளவென்று வந்து நிற்கும், வீடியோவும் முடிந்துவிடும். அப்புறம்? ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்து அந்த மெஷின் என்ன கதியில் இருக்கிறது? அதற்கு யாரும் வீடியோ போடுவதில்லை. இந்தக் கதை அந்த 'அப்புறம்' பற்றியதுதான்.

இடம் ஜவ்வாது மலை. போளூரில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துப் போகவேண்டிய ஒரு சின்ன ஊர். சாமை விளையும், பலா காய்க்கும், புளி உலுக்குவார்கள். செல்போன் சிக்னல் மட்டும் ஊருக்குள் வராது. ஊருக்கு மேற்கே இருக்கிற ஒரு பாறையின் மேல் ஏறினால் வரும். அந்தப் பாறைக்கு முன்னால் வேறு பேர் இருந்திருக்கும். இப்போது 'டவர் பாறை'.

அந்த ஊரில் ஓர் அக்கா, ஒரு தம்பி. தம்பி கீழே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். அக்காவுக்கு உள்ளூரிலேயே கல்யாணம் ஆகி, அம்மா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடித்தனம். கதாநாயகன் இவர்கள் யாரும் இல்லை, அக்காவின் மடிக்கணினி.

தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் ஞாபகம் இருக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது. அந்த முதல் கல்வியாண்டில் பிளஸ் டூ படித்தவள் அக்கா. பள்ளி மைதானத்தில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தபோது தம்பி ஒன்றாம் வகுப்பு. பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது என்பான். கல்யாணத்தின்போது பீரோ, கட்டில், அண்டா வரிசையில் மடிக்கணினியும் ஒரு சீராகவே போனது. மாமா வீட்டார் அதற்கும் குங்குமப் பொட்டு வைத்தார்கள். அந்தப் பொட்டின் கறை மூடியின் மேல் இன்னும் இருக்கிறது.

அந்த மடிக்கணினியில் நிறையப் பேர் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆன் செய்தால் "எது வேண்டும்?" என்று கேட்கும். கேட்டது யார் காதில் விழுந்தது? எல்லாரும் விண்டோஸுக்கே போனார்கள். ஒருநாள் அக்காவின் மெஷினை சர்வீஸுக்குக் கீழே கொண்டுபோனபோது, "இது சும்மா இடத்தை அடைச்சிட்டிருக்கும்மா" என்று சொல்லி பாஸை அழித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நாற்பது சினிமாப் படம் ஏறியது. பின்னால் இந்த இடத்துக்குத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

இப்போது அந்த மெஷின் ஏன் முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். ஊரில் ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டர் அது ஒன்றுதான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம், ஹால் டிக்கெட், பிள்ளைகளின் ரிசல்ட் எல்லாமே அக்கா வீட்டுத் திண்ணையில்தான். மொபைல் ஹாட்ஸ்பாட்டோடு டவர் பாறைக்கும் அது அடிக்கடி ஏறி இறங்கும். ஊரில் பாதிப் பேரின் ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் முதல் பக்கமும் அதற்குள் இருந்தன. டெஸ்க்டாப்பிலேயே, 'ஊர்' என்ற ஒரு ஃபோல்டரில்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. மலையில் அது யாருக்கும் தெரியாது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளும் விண்டோஸ் 7-இலேயே ஓடின. தம்பி பிளஸ் ஒன் முடித்த 2022 கோடையில், பலாப்பழம் விற்ற காசில் இரண்டு சாமான் வாங்கினான். ஒரு 4 ஜிபி மெமரி, ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி. பழைய கம்ப்யூட்டருக்கு யாராவது எதாவது செய்ய நினைத்தால் முதலில் செய்யவேண்டியது இந்த இரண்டும்தான். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால், நொண்டிக்கொண்டிருந்த மாடு ஓடுகிற மாதிரி இருக்கும். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் விண்டோஸ் 7 சாவியைப் போட்டு 64 பிட் விண்டோஸ் 10 நிறுவினான். அதே சாவி செல்லுபடியானது! 2015-இல் ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று அறிவித்த இலவச மேம்படுத்தல், கெடு முடிந்த பிறகும் பல வருஷம் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. 2023 செப்டம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவைச் சாத்தியது. ஆக அக்காவின் விண்டோஸ் 10 திருட்டுச் சரக்கு இல்லை. மாசாமாசம் அப்டேட்டும் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. 2023-இல் கல்லூரி சேர்ந்தான். ஹாஸ்டலில் எல்லார் லேப்டாப்பிலும் டாஸ்க்பார் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஜன்னல்களுக்கெல்லாம் வளைந்த மூலைகள். விண்டோஸ் 11! அக்காவின் மெஷின் மட்டும் ஏன் பழசாக இருக்கவேண்டும்?

ஆனால் விண்டோஸ் 11 எல்லாரையும் உள்ளே விடாது. 2021 அக்டோபரில் வந்தபோதே அதன் வாசலில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அக்காவின் மடிக்கணினியில் இருந்தது இரண்டாம் தலைமுறைக் காலத்து பென்டியம். டிபிஎம் கிடையாது. செக்யூர் பூட் என்ற பேரே அது பிறந்த பிறகுதான் பரவலானது. மைக்ரோசாஃப்ட் சொன்ன நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: சாவிகளை வன்பொருளுக்குள்ளேயே பூட்டி வைத்தால்தான் இன்றைய தாக்குதல்களுக்குத் தாக்குப்பிடிக்க முடியும் என்றது. பொய்யில்லை. அதற்காக நன்றாக ஓடுகிற கோடிக்கணக்கான மெஷின்களை ஒரே நாளில் கிழவனாக்குவது சரியா என்பது வேறு கேள்வி.

செக்போஸ்ட் இருந்தால் அதைச் சுற்றிக் காட்டுப்பாதையும் இருக்குமே. மலைக்காரனுக்குச் சொல்லியா தரவேண்டும்? ரூஃபஸ் என்று ஒரு குட்டி மென்பொருள். விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பைக் கொடுத்தால் பென் டிரைவை பூட் ஆகிற மாதிரி தயார் செய்து தரும். போகிற போக்கில், "டிபிஎம் சோதனையை எடுத்துவிடட்டுமா?" என்றும் கேட்கும். ஒரு டிக். அவ்வளவுதான். 2023 ஆயுத பூஜை விடுமுறையில் மடிக்கணினிக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்ட கையோடு தம்பி விண்டோஸ் 11 போட்டான். 22எச்2 என்ற பதிப்பு, அன்றைக்கு அதுதான் புதுசு. எட்டு நாள் கழித்து, அக்டோபர் 31-இல் 23எச்2 வந்துவிட்டது. அதை அவன் கவனிக்கவில்லை. "உன் மெஷின் இனி பத்து வருஷம் ஓடும்க்கா" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வீடியோவாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும்.

2025 பொங்கல். எல்லாரும் வெளியே கரும்பு கடித்துக்கொண்டிருக்க, தம்பி சும்மா உட்கார்ந்து மெஷினை நோண்டினான். அப்டேட் வரலாற்றைத் திறந்தான். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் புதுப்பிப்புகள் வரிசையாக இருந்தன. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டைத் தேடினான். கடைசியாக வந்தது 2024 அக்டோபர். நவம்பர் இல்லை. டிசம்பர் இல்லை.

நடந்தது இதுதான். விண்டோஸின் ஒவ்வொரு வருடப் பதிப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கான 22எச்2-வின் ஆயுள் 2024 அக்டோபர் 8-இல் முடிந்துவிட்டது. தகுதியுள்ள கம்ப்யூட்டர் என்றால் அதற்குள் அடுத்த பதிப்பு தானாக வந்து ஏறியிருக்கும். தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு மாதாந்திர அப்டேட் வரும், வருடாந்திரப் பதிப்பு வராது. யாராவது கையால் ஏற்றவேண்டும். இதை யாரும் வந்து சொல்லமாட்டார்கள். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கதவு மட்டும் திறந்தே கிடக்கும்.

இன்னொரு தேதியையும் அவன் பார்த்தான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த கடைசித் தேதி 2025 அக்டோபர் 14. அதாவது, அவன் எதையுமே தொடாமல் விட்டிருந்தால் அக்காவின் மெஷினுக்கு இன்னும் ஒன்பது மாசம் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருந்திருக்கும். புதுசாக்குகிறேன் என்று போய் அதை இன்னும் பழசாக்கிவிட்டான். ஊர்ப் பேரில் இருக்கும் அந்த ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் மஞ்சள் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கரும்பு இறங்கவில்லை.

இந்த மாதிரி காட்டுப்பாதை நிறுவல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஆப்பிள் தயாரிக்காத கம்ப்யூட்டரில் ஆப்பிள் இயங்குதளத்தைப் போடுகிற ஹாக்கிண்டாஷ் கூட்டம் பிரபலமானது. ஒவ்வொரு அப்டேட் வரும்போதும் "யாராவது போட்டுப் பார்த்தீங்களா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்குகளில் புதிய மேக் ஓஎஸ் ஏற்ற ஓப்பன்கோர் லெகஸி பேட்ச்சர் என்று ஒரு கருவி உண்டு. அதில் அப்டேட் வந்ததும் கிராஃபிக்ஸ் போகும், வைஃபை போகும், ஒட்டுப் போட்ட இடத்திலெல்லாம் மறுபடி ஒட்டுப் போடவேண்டும். அந்தப் பாதைக்கே ஒரு முடிவு வந்துவிட்டது. 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டாஹோதான் இன்டெல் பிராசஸருக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நிலைமை தேவலை. ஹாக்கிண்டாஷ் போடுகிறவன் தன் மெஷினில் போட்டுக்கொள்கிறான், உடைந்தால் அவனே உட்கார்ந்து சரி செய்வான். தம்பி போட்டது இன்னொருத்தர் மெஷினில். போட்டுவிட்டு எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டான்.

சரி, கதைக்கு வருவோம்.

வழி ஒன்றுதான். 24எச்2 பதிப்பைக் கையால் ஏற்றவேண்டும். இதில் புது வில்லங்கம் ஒன்று இருந்தது. டிபிஎம் சோதனையை ஏமாற்றலாம். ஆனால் 24எச்2 பாப்சிஎன்டி என்ற ஒரு கட்டளையும், எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பும் பிராசஸரிலேயே இருக்கவேண்டும் என்றது. ஓர் எண்ணை ஒன்றும் சைபருமாக எழுதினால் அதில் எத்தனை ஒன்று இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிற கட்டளை பாப்சிஎன்டி. கேட்க அற்பமாக இருக்கிறதா? அது இல்லாத பிராசஸரில் 24எச்2 பூட் ஆவதே இல்லை. செக்போஸ்ட்டைச் சுற்றிப் போகலாம், பாலமே இல்லாத ஆற்றை எப்படிச் சுற்றுவது? ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த கோர் 2 டியோக்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் விழுந்தன. அக்காவின் பென்டியம் அதற்கு அடுத்த தலைமுறைகளில் வந்தது. இரண்டும் அதில் இருந்தன. ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டபோது தம்பி விட்ட பெருமூச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்தது ஐஎஸ்ஓ. 5 ஜிபிக்கு மேல். டவர் பாறையில் உட்கார்ந்து தினம் 1.5 ஜிபி டேட்டாவில் இறக்கினால் நாலு நாள், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். கல்லூரி லேபில் இறக்கினான். பென் டிரைவில் போட்டால் ஏறவில்லை. ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ், 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வாங்காது. அதை மாற்றி ஃபார்மேட் செய்து, கூடவே கிராஃபிக்ஸ் டிரைவர், வைஃபை டிரைவர் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு எடுத்துக்கொண்டான். டிரைவர் விஷயத்தில் மட்டும் முன்ஜாக்கிரதையாக இருந்தான். அந்தத் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 10-க்கே டிரைவர் தரவில்லை. விண்டோஸ் 8 காலத்தது ஒன்றை வைத்துத்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

செமஸ்டர் முடிந்து மே மாதம் மலை ஏறினான். அங்கே வேறு ஒரு சிக்கல் காத்திருந்தது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிக்கை 2025 ஏப்ரல் 25-இல் வந்திருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24, தேர்வு ஜூலை 12. அக்கா அந்த வருஷம் எழுதியே தீருவது என்று முடிவோடு இருந்தாள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பதினொரு மணி வரை படிக்கிறாள்.

"அப்ளிகேஷன் போட்டு முடிக்கிற வரைக்கும் நீ இத தொடாத."

"அக்கா, அதுக்கு முன்னாடியே பண்ணணும்க்கா. நீ ஆதார், சர்ட்டிபிகேட் எல்லாம் இதுலதான் ஏத்தப் போற. இதுக்கு ஆறு மாசமா செக்யூரிட்டி அப்டேட் வரல."

"நல்லாத்தான ஓடுது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஓடுகிறதுதான். பூட்டு இல்லாத வீட்டிலும் சோறு வேகும்.

"போன தடவை பத்து வருஷம் ஓடும்னு சொன்னியே தம்பி" என்று அக்கா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் அவனுக்கு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் தருகிறேன் என்றாள்.

ஞாயிறு மத்தியானம் 'ஊர்' ஃபோல்டரை முதலில் தனி பென் டிரைவில் எடுத்து வைத்தான். (ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் ஐஎஸ்ஓவைத் திறந்து, செட்டப் கட்டளைக்குப் பின்னால் 'ப்ராடக்ட் சர்வர்' என்று சேர்த்து ஓட்டினான். இது இன்னொரு காட்டுப்பாதை. இப்படிக் கொடுத்தால் விண்டோஸ் சர்வர் நிறுவுவதாக நினைத்துக்கொண்டு தகுதிச் சோதனையை விட்டுவிடும். திரையிலும் "விண்டோஸ் சர்வர்" என்றே தலைப்பு வரும், ஏதோ டேட்டா சென்டரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. உள்ளே ஏறுவது என்னவோ சாதாரண ஹோம் பதிப்புதான். கோப்புகளும் புரோகிராம்களும் அப்படியே இருக்கும்.

நாற்பது சதவீதம். ஐம்பது. ரீஸ்டார்ட். மறுபடி சதவீதம். நாலு மணிக்கு மேற்கே கருத்தது. மலையில் கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. முதல் இடிக்கே கரண்ட் போனது. பேட்டரி? பதிமூன்று வருஷத்துப் பேட்டரி, அது ஓர் அலங்காரப் பொருள். பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு சதவீதத்தில் திரை கருப்பானது.

கரண்ட் வந்தது ராத்திரி எட்டரைக்கு. அந்த நாலு மணி நேரம் வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா மட்டும் சாமைச் சோறு போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். மாமா திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன் செய்தான். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, முந்தைய பதிப்புக்குத் திரும்புகிறோம் என்று ஒரு வரி. இருபது நிமிஷத்தில் பழைய 22எச்2 அப்படியே எழுந்து நின்றது. பாதியில் செத்தால் பழையதற்கே திரும்பிவிடுகிற மாதிரி இந்த மேம்படுத்தலை எழுதிய மனிதர்கள் யாரோ, அவர்கள் நல்லா இருக்கட்டும்.

"போதும். விட்டுடு" என்றாள் அக்கா.

விடவில்லை. மறுநாள் காலை மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் போனான். அங்கே ஒரு டீக்கடையில் இன்வர்ட்டர் உண்டு. கடைக்காரர் மாமாவுக்குப் பழக்கம். மூலை பெஞ்சில் வைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். "என்னப்பா, சினிமா போடறியா?" என்று ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நாலு டீ, இரண்டரை மணி நேரம். 24எச்2 வந்தது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வந்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் கழன்றுவிட்டிருந்தது. பென் டிரைவில் இருந்ததை மறுபடி போட்டான், சரியானது. வைஃபை தானாகவே வேலை செய்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மே மாதப் பாதுகாப்பு அப்டேட் வரிசையில் வந்து நின்றது. கடைக்காரர் ஐந்தாவது டீயைச் சும்மாவே கொடுத்தார்.

வெற்றிவீரனாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், எதிரே அக்கா. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பிரிண்ட் எடுத்த விண்ணப்பம். தம்பி மெஷினோடு கிளம்பிய அடுத்த பஸ்ஸிலேயே வந்து, இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று குரூப் 4-க்கு விண்ணப்பித்து முடித்துவிட்டிருந்தாள்.

"நீ எப்ப முடிப்பியோன்னு நான் உக்காந்திருக்க முடியுமா?"

ஊருக்குப் போகிற வரை இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். சிரிக்கும்போதும் தம்பிக்கு ஒன்று புரிந்தது: அவள் நம்பியது மெஷினையும் இல்லை, அவனையும் இல்லை, கவுண்டரை.

இதே மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பக்கத்தில் காவலூர் இருக்கிறது. இந்திய வானியற்பியல் மையத்தின் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே இருக்கிற 1 மீட்டர் தொலைநோக்கி, கார்ல் செய்ஸ் நிறுவனம் செய்தது, 1972-இல் வந்தது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பது 1977 மார்ச் 10-இல் தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த கருவிகளில் அதுவும் ஒன்று. 2022-இல் அதன் பொன்விழா கொண்டாடினார்கள். ஒளிப்படத் தட்டுகளில் நட்சத்திரங்களைப் பதிவு செய்த காலம் போய் சிசிடி கேமரா வந்துவிட்டது, கண்ணாடி அதே கண்ணாடி. ஐம்பது வருஷத்துப் பொருள் அறிவியல் செய்கிறது என்றால் பதிமூன்று வருஷத்து மடிக்கணினிக்கு என்ன கேடு என்று தம்பி அடிக்கடி சொல்வான். ஆனால் அந்தத் தொலைநோக்கியைப் பராமரிக்கச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள். இதற்கு யார் இருக்கிறார்கள்?

அந்த விடுமுறையிலேயே எஸ்எஸ்டியில் ஒரு 60 ஜிபி ஒதுக்கி லினக்ஸ் மின்ட் 22 போட்டான். 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. டிபிஎம் கேட்காது, பிராசஸரின் ஜாதகம் கேட்காது, காட்டுப்பாதையும் வேண்டாம். பதிமூன்று வருஷம் முன்னால் பெட்டியைத் திறந்தபோது இருந்த அதே கேள்வி, "எது வேண்டும்?", திரும்ப வந்து நின்றது. சர்வீஸ் கடையில் அழித்த இடத்தில்! 'ஊர்' ஃபோல்டரையும் அந்தப் பக்கம், கடவுச்சொல் போட்டு, மாற்றி வைத்தான். அக்காவுக்கு மின்ட்டில் தமிழ்99 தட்டச்சு கிடைத்தது பிடித்திருந்தது. மற்றபடி அவள் போவது விண்டோஸ் பக்கம்தான். விண்டோஸில்தான் அவள் கை பழகியிருக்கிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

மூடியின் மேல், குங்குமக் கறைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, "24எச்2 – கடைசி நாள் 13.10.2026" என்று பேனாவால் எழுதினான். 2025 தீபாவளிக்கு வந்தபோது 25எச்2 வந்திருந்தது. இந்த முறை 5 ஜிபி இல்லை. 24எச்2-வுக்கும் 25எச்2-வுக்கும் உள்ளே இருக்கிற நிரல் ஒன்றேதான், தூங்குகிற வசதிகளைத் தட்டி எழுப்புகிற ஒரு சின்னப் பொட்டலம் போதும். டவர் பாறையிலேயே இறக்கி, டவர் பாறையிலேயே ஏற்றினான். டேப்பில் தேதியை அடித்துவிட்டு 12.10.2027 என்று மாற்றி எழுதினான். அக்கா அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மறுபடி பாக்கணும்க்கா. அடுத்ததுல என்ன கேப்பான்னு தெரியாது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும், நம் ஊர் நேரத்துக்கு ராத்திரி பத்து பதினொன்று ஆகிவிடும். அக்காவுக்கு இப்போது அது அமாவாசை, பௌர்ணமி மாதிரி மனப்பாடம். புதன்கிழமை காலையில் டவர் பாறையிலிருந்து ஹாஸ்டலுக்கு போன் வரும். அப்டேட் வரலாற்றைத் திறந்து மேலே இருக்கிற வரியை வாசித்துக் காட்டுவாள். ஒரு மாதம் பதற்றமாகப் பேசினாள்.

"தம்பி, இந்த மாசத்துது இன்னும் வரலடா."

அவன் காலண்டரைப் பார்த்தான். ஒன்றாம் தேதியே புதன்கிழமையில் பிறந்திருந்தது.

"அக்கா, நேத்து மொதல் செவ்வாய்தான். இன்னும் ஒரு வாரம் இருக்கு."